எலி புகாத வண்டி

ஒரு வண்டிக்குள் எலி புகாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் பினாங்கிலிருந்து வந்தால் ராமேஸ்வரம் போவார்கள், சேலை எடுப்பார்கள், அப்பா பிறந்த ஊரைத் தேடிப் போய்ப் பங்காளிகளோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்புவார்கள். என் பெட்டியில் நான்கைந்து எலிப்பொறிகளும், ஒரு கட்டு இரும்பு நாரும், ஒரு டார்ச் லைட்டும் இருந்தன. மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தியாவில எலிப்பொறி கிடைக்காதுன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?” என்றார்.

ஊர் பேர் தெரியாத பொறியை நான் நம்புவதில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தது தெரிந்தது. போகட்டும், பெட்டியை விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். எழுபதுகளின் கடைசி அது. பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்த வெள்ளைக்காரத் துரை வீட்டில் நான் பல வருஷம் சமையல் செய்தேன். அவரும் மேமும் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே வைத்த ஒரு பெரிய வீட்டு வண்டியை வாங்கி, பல தேசம் தாண்டித் தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து அதைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்து, கடற்கரையோரம் நிறுத்திக் கடைசிவரை அதிலேயே இருப்பதாகத் திட்டம். நான் பழையபடி வந்து சமைத்துப் போட வேண்டும்.

கோயில் கல்வெட்டு பார்க்க உத்திரமேரூருக்குப் போன இடத்தில் துரைக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வண்டியை அங்கேயே ஒரு ரைஸ் மில் வளாகத்தில் விட்டுவிட்டு விமானத்தில் பினாங்குக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

ரைஸ் மில்! எலிக்குப் பயப்படுகிறவர் தன் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. “சுற்றிலும் மதில் இருந்தது, கேட் இருந்தது, அதனால்தான்” என்றார் மேம். மழைக்காலம் வந்தால் வயல் எலியெல்லாம் வண்டிக்குள் ஏறி ஒயரைக் கடித்துவிடும், மெத்தையைக் குதறிவிடும் என்று பாவம் அவருக்குத் தூக்கமே இல்லை. இன்னொரு வீடு வாங்க அவர்களிடம் தெம்பும் இல்லை, வழியும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் வரும்வரை நீ போய்ப் பார்த்துக்கொள். உன் ஒருத்தியைத்தான் நம்ப முடியும்” என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, நிலம் நீச்சு கிடையாது. அந்தப் பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. அதைக் கெடுத்துக்கொண்டு பினாங்கில் நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? கப்பலேறினேன்.

உத்திரமேரூரில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை சாயங்காலம் வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விடும். இந்த ஐப்பசி மழைக்கு வரத்தான் தெரிந்தது. ஒரு குதிரை வண்டிக்காரரிடம் ரைஸ் மில் என்றேன்.

“வெள்ளக்காரன் வண்டி நிக்கிதே, அந்த மில்லா?” என்றார். “உள்ள கட்டிலு, அடுப்பு, கக்கூஸு அல்லாம் கீதாமே?”

கட்டிலும் அடுப்பும் ஜன்னல் வழியாகத் தெரியும். கக்கூஸ் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று மேம் சொல்லியிருந்தார். அது இவருக்கு எப்படித் தெரிந்தது? குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே மில் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

மில்காரரை ஊரில் எல்லோரும் நைனா என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஓங்குதாங்காக இருந்தார், குரல் மட்டும் மெதுவாக வந்தது. மெதுவாகப் பேசுகிற பெரிய ஆட்களிடம் எனக்கு எப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. வண்டிச் சாவிக்கொத்து மில் ஆபீஸ் சுவரில், சாமி படத்துக்குக் கீழே, ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் கைநீட்டி எடுக்கலாம். அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, களத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார்.

“தொர எங்கிட்ட ஒப்பட்ச்சிட்டுப் போயிக்கிறாரு. இந்த வண்டி மேல எவன் கை வெச்சாலும் சரி, எவ கை வெச்சாலும் சரி, அவங்களுக்கு எங்கிட்ட வேலையும் கெடையாது, குத்தகைக்கு நெலமும் கெடையாது. சொல்லிட்டேன், ஆமா.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். எஞ்சின் ஓட்டுகிற கோவிந்தன் என்பவன் மட்டும் எதையோ மென்றுகொண்டே தலையாட்டினான்.

வண்டி, மதில் ஓரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. வெள்ளை வெளேரென்று வந்த வண்டி தவிட்டுத் தூசியில் பழுப்பேறியிருந்தது. கதவைத் திறந்து உள்ளே ஏறியதும் மூக்கில் அடித்தது, எலி மூத்திர நாற்றம். அடுப்பின் மேல் புழுக்கை. திரைச்சீலையின் ஒரு ஓரத்தைக் கடித்துப் பஞ்சாக்கியிருந்தது. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, கட்டிலோரம் கிடந்த கச்சான் தோல். இங்கே வேர்க்கடலை என்கிறார்கள், இந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. பூட்டிக் கிடந்த வண்டிக்குள் அது எப்படி வந்தது? எலி கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வராது. மனுஷன் யாரோ உள்ளே உட்கார்ந்து தின்றிருக்கிறான்.

“இன்னாக்கா, கூட்டித் தரட்டா?” என்று வாசலில் ஒரு குரல். கையில் துடைப்பத்தோடு ஒரு பெண். பெயர் வேதவல்லி. மில் ஆபீஸைக் கூட்டுவது, புழுக்கிய நெல்லைக் களத்தில் காயப்போட்டுக் காலால் கிளறிவிடுவது அவள் வேலை. நைனாவின் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறாள். புருஷன் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தான்.

வேண்டாம், நானே கூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் போகவில்லை. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள்.

படுக்க எனக்கு நைனா வீட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். மறுநாள் காலை நாஷ்டாவுக்கு இட்லி. கூடவே வேர்க்கடலைச் சட்னி. மத்தியானம் வேர்க்கடலை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. சாயங்காலம் அவித்த வேர்க்கடலை ஒரு தட்டு. தின்னத் தின்ன எனக்குப் புரிந்தது, இந்த ஊரில் கச்சான் தோலை வைத்து ஒருத்தரையும் பிடிக்க முடியாது. ருசிக்குக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு அந்தச் சட்னி கிடைத்தால் பருப்பாணத்தை, அதாவது பருப்புக் குழம்பை, யாரும் தொட மாட்டார்கள்.

நைனாவும் அவர் மனைவியும் வீட்டுக்குள் தெலுங்கு பேசினார்கள். எனக்கு ஒரு அட்சரம் தெரியாது. நான் சாப்பிடும்போது என்னைப் பார்த்துப் பார்த்து நைனா ஏதோ சொன்னார், அந்த அம்மா சிரித்தார். பேச்சில் “எலுக” என்று இரண்டு தடவை வந்தது. எலியாகத்தான் இருக்க வேண்டும். வண்டியில் நடந்தது இவர்களுக்குத் தெரியும், மறைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டே விட்டேன். அந்த அம்மா கூச்சத்தோடு சொன்னார்:

“ஒண்ணுமில்லீங்க. எலிக்குப் பயந்துக்கினு கடல் தாண்டி வந்துகிறாங்களே, ஒடம்புல கொஞ்சம் சத்து வேணாமா, இன்னும் ரெண்டு இட்லி வையின்னாரு.”

அதற்குப் பிறகும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, தண்ணீர்க் குழாய் இறங்குகிற துளை, ஒயர் போகிற துளை, தகடு சேருகிற இடுக்கு என்று ஒவ்வொன்றிலும் இரும்பு நாரைத் திணித்துத் தார் பூசினேன். சுண்டெலிக்கு என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை போதும். பின்பக்கம், கட்டிலுக்கு நேர் கீழே, வெளியிலிருந்து திறக்கிற ஒரு சின்னக் கதவு இருந்தது. அதற்குள் காஸ் சிலிண்டர். அதைத் திறக்காதே, துரை வந்து பார்த்துக்கொள்வார் என்று மேம் சொல்லியிருந்தார். திறக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு அடியில் காற்றுப் போக வைத்திருந்த துளைகளை மட்டும் அடைத்துவிட்டேன்.

ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். நொச்சித் தழையைப் பரப்பு என்றார் ஒருவர். அந்துருண்டை போடு என்றார் இன்னொருவர். கோவிந்தன், “ஒரு சாரப்பாம்ப புடிச்சாந்து வண்டிக்கு அடியில வுட்டுட்டா பேஜாரே இல்லக்கா” என்றான். வேர்க்கடலையை வாயில் எறிந்துகொண்டுதான் சொன்னான். அவன் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, எலியும் வேண்டாம் பாம்பும் வேண்டாம் என்றேன். விஷம் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. செத்த எலி தகட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அந்த நாற்றத்தில் துரை எப்படித் தூங்குவார்?

எல்லோரையும்விட உதவிக்கு ஓடி ஓடி வந்தவள் வேதவல்லிதான். பொறிக்கு மசால் வடை வாங்கி வந்தாள், தார் காய்ச்சித் தந்தாள். விழுந்த எலியைச் சாக்கில் தட்டி வெளியே கொண்டுபோனாள். எலியைத் தவிர வேறு பேச்சே இல்லை அவளிடம்.

“இன்னிக்கி எத்தினிக்கா? ரெண்டா? சின்னதா, பெர்சா? வயிறு உப்பிக்கினு கீதா?”

எலி வயிறு உப்பியிருந்தால் இவளுக்கு என்ன? கூலி இல்லாமல் இத்தனை அக்கறை காட்டுகிற ஆளை நான் எங்கும் கண்டதில்லை. அடிக்கடி பின்பக்கம் போய் நின்று, “அக்கா, சாவிய குடேன், இந்தாண்ட கதவையும் தெறந்து பாத்துறலாம். எலி இங்கதாங்கா பூருது” என்பாள். அதில் காஸ் இருக்கிறது, வெடித்துவிடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். சாவிக்கொத்தை என் இடுப்பிலிருந்து நான் எடுப்பதே இல்லை. அவள் பார்வை மட்டும் அங்கேயே இருக்கும்.

இரும்பு நார் தீர்ந்துபோனதால் கம்பி வலை வாங்கக் காஞ்சிபுரம் போனேன். பினாங்கில் சீனன் கடையில் ஐந்து நிமிஷ வேலை. இங்கே ஒரு நாள் பயணமாகிவிட்டது. ஓரிக்கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ் படுத்துவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். என் பக்கத்தில் இருந்த ஒருவர் மட்டும் மடியில் ஒரு துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கண்டக்டர் சத்தம் போட்டும் மூட்டையைக் கீழே வைக்க மாட்டேன் என்றார். கடத்தல் தங்கம் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் நெசவாளி. மூட்டையில் பட்டு நூல், முதலாளி வீட்டுச் சரக்கு. நான் எலிக்கு வலை வாங்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் இளகிவிட்டது.

“தறி நூலு பாவுக்குக் கஞ்சி போட்றோம் இல்ல, அந்த வாசனக்கி வந்துருங்கம்மா. ஒரு கடி கடிச்சிதுன்னா அத்தினி நூலு இயையும் முடி போட்டுக்கினு ஒக்காரணும். வூட்ல குயந்தைய தூங்க வெக்கிறமோ இல்லியோ, தறியண்ட ஒரு ஆளு தூங்கும்.” பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எலி சும்மா வராதும்மா. உள்ள தீனி கீதுன்னாதான் வரும். உங்க வண்டில இன்னா கீது?”

ஒன்றும் இல்லை, ஒரு அரிசிமணி கூட இல்லை என்றேன். அவர் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்புகிறபோது பஸ்ஸே இல்லை. உமி மூட்டை ஏற்றிய லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். காவாந்தண்டலத்தில் பொண்ணு கொடுத்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, மாப்பிள்ளையின் குணத்தை அந்த டிரைவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை மேல் அவருக்கு இருந்த சந்தேகத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

வலையும் அடித்தாயிற்று. இனி ஒரு எறும்புகூட நுழைய முடியாது. ஆனால் காலையில் பொறியைப் பார்த்தால் எலி. மறுநாளும் எலி. எல்லா வழியையும் அடைத்த பிறகு எலி எங்கிருந்து வருகிறது? எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. யாரோ கொண்டுவந்து விடுகிறார்கள். என்னைப் பைத்தியமாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டு வண்டியைச் சுருட்டப் பார்க்கிறார்கள். கோவிந்தனா, நைனாவா, அந்தக் குதிரை வண்டிக்காரரா என்று மூன்று பேருக்கும் மனசுக்குள் தண்டனை கூட விதித்துவிட்டேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள், வண்டியைச் சுற்றிலும் கோலப் பொடியைத் தூவினேன். அரிசி மாவு இல்லை, அதைத் தின்ன இன்னும் நாலு எலி வரும். கல்மாவு. காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். வெளியிலிருந்து வண்டிக்கு ஏறிய எலித்தடம் ஒன்றுகூட இல்லை. மனுஷக் கால் இருந்தது. செருப்பில்லாத கால், அகலமான பாதம், பின்பக்கத்துச் சின்னக் கதவு வரைக்கும் வந்து, அங்கேயே குந்தி உட்கார்ந்து, திரும்பிப் போயிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மில் நிற்கிற நேரம். எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நான் சாப்பிடப் போகிற மாதிரி கேட் வரைக்கும் போய், மதிலோரமாகத் திரும்பி வந்தேன். வேதவல்லி அந்தக் கதவின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கக்கூட இல்லை.

“அகப்பட்டாயா?” என்றேன். “நைனாவைக் கூப்பிடுகிறேன் இரு.”

“கூப்புடாதக்கா.” குரல் உள்ளே போய்விட்டது. “துண்றது கேக்குதுக்கா. நாலஞ்சு நாளா கேட்டுக்கினே கீறேன். நீ சாவிய தரமாட்டேன்ற.”

“என்ன தின்கிறது?”

“எங்க வெத.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே குனிந்து, மேம் திறக்க வேண்டாம் என்ற அந்தக் கதவைத் திறந்தேன். சிலிண்டர் ஒரு மூலையில் காலியாகக் கிடந்தது. மிச்ச இடத்தில் இரண்டு சாக்கு, நீளவாக்கில் படுக்க வைத்து, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தது. சேலை அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சுண்டெலி ஓடி, காஸ் குழாய் போகிற துளை வழியாக வண்டிக்குள் ஏறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

வேதவல்லி சொன்னது இவ்வளவுதான். போன மழைக்கு அவள் கூரை வீடு ஒழுகி, சுவரில் எலி வளை போட்டு, விதைக்கு வைத்த மல்லாட்டை அத்தனையும் போய்விட்டது. விதை இல்லாதவளுக்கு இனி நிலம் எதற்கு என்று நைனா கேட்டார். கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷமும் குத்தகை வாங்கினாள். மார்கழியில் விதைக்க வேண்டும். மில்லில் வைத்தால் எலி, வீட்டில் வைத்தால் எலி. ஆபீஸைக் கூட்டும்போது ஆணியில் தொங்குகிற சாவி கண்ணில் பட்டது.

“சுத்தியும் தகரம் அட்ச்சி கீது. கீய மேல அல்லாம் இரும்பு. இந்த ஊர்ல எலி பூராத எடம் இது ஒண்ணுதான்னு நெனச்சேங்கா. அடியில கீற ஓட்டைய நான் பாக்கல. நீ வந்து அல்லாத்தையும் அடச்ச. வெளிய போக வயி இல்லாம உள்ளயே குடித்தனம் பண்ணிக்கினு துண்ணுதுங்க.”

நான் கதவடியில் உட்கார்ந்துவிட்டேன். எலிக்குப் பயந்து நான் கடல் தாண்டி வந்தேன். அதே எலிக்குப் பயந்து அவள் இந்த வண்டிக்கு வந்திருக்கிறாள். நான் வெளியே காவல் இருக்க, என் பூட்டுக்குள் அவள் விதை தேய்ந்துகொண்டிருந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். மேம் நம்பிக் கொடுத்த வண்டியைக் களஞ்சியமாக்கி, திரைச்சீலையைக் கடிக்க விட்டவள் இவள். ஆனால் அவள் சாக்கின் வாயைப் பிரித்துக் கையை விட்டு அளைந்தபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஒரு சாக்கு பெரும்பாலும் தோல். இன்னொன்று ஓரத்தில் மட்டும் பொத்தலாகி, உள்ளே கெட்டியாக இருந்தது.

“தேறுங்கா. பாதி தேறும்,” என்றாள். அழுகிற குரலில் இல்லை, கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னாள்.

அதற்குள் மில் சங்கு ஊதிவிட்டது. விடிந்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விடு, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினேன். நான் அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விடிந்ததும் வந்தாள். நான் கதவைத் திறந்தேன். இரண்டு பேருமாகச் சாக்குகளைக் கீழே இறக்கினோம். ஓட்டை வழியாக வேர்க்கடலை கொட்ட, அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது கேட்டில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது.

துரையும் மேமும். இரண்டு நாள் கழித்து வருவதாகத்தான் தந்தி வந்திருந்தது. விமானத்தில் முன்னாலேயே இடம் கிடைத்துவிட்டதாம். துரை பாதியாகிப் போயிருந்தார். வண்டியைக் கண்டதும் அவர் கண் கலங்கியது, நேரே போய் அதன் பக்கவாட்டைத் தடவிக் கொடுத்தார். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். அப்போதுதான் வேலைக்கு வந்த கோவிந்தனும் களத்து ஆட்களும் பின்னாலேயே வந்தார்கள்.

மேம் பின்பக்கம் சுற்றி வந்தார். திறந்து கிடந்த கதவு, சாக்கு, தோல், புழுக்கை, பழைய சேலை எல்லாவற்றையும் பார்த்தார். “இது என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார். “யாருடையது?”

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவருக்கும் அதே கேள்விதான். சாக்கைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு கையில் வேர்க்கடலையோடு தரையில் உட்கார்ந்திருந்த வேதவல்லியைப் பார்க்கத் திரும்பினார். அவள் நிமிரவே இல்லை. பொறுக்கியதைக் கீழே போடவும் இல்லை.

“என்னுடையது,” என்றேன்.

முதலில் மேமிடம் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு நைனாவிடம் தமிழில் சொன்னேன். “நான்தான் வாங்கி வைத்தேன். பினாங்குக்குக் கொண்டுபோகலாமென்று. எலி தின்றுவிட்டது. பொறுக்கிப் போடத்தான் இவளைக் கூப்பிட்டேன்.”

“சொல்லிருந்தா கெடங்குல எடம் குட்த்திருப்பேனேம்மா,” என்றார் நைனா. அவர் நம்பிவிட்டார். மேம் என் பக்கம் திரும்பினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் நான் குதிரை வண்டிக்காரரையும் கோவிந்தனையும் நைனா வீட்டு இட்லித் தட்டையும் பார்த்த பார்வை.

“அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்,” என்றார் கடைசியில்.

“ஆமாம் மேம்.”

“எலி வராமல் பார்த்துக்கொள்ளத்தான் உன்னை அனுப்பினேன்.”

“ஆமாம் மேம்.”

கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். இனி எனக்கு இந்தக் கடலை தேவையில்லை, கப்பலில் கொண்டுபோக மாட்டேன், நீயே எடுத்துக்கொள் என்று வேதவல்லியிடம் உரக்கச் சொன்னேன். கோவிந்தன்தான் சாக்கைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். கேட்டைத் தாண்டுகிறவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காட்டிக்கொடுத்திருப்பாள், அது அவளுக்கும் தெரியும்.

துரை முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. ஒரு ஒயர்கூட அறுபடவில்லை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஏறிக்கொள் என்றார். ஏறினேன். நைனாவின் மனைவி ஓடி வந்து, வழியில் சாப்பிட ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். இந்தத் தடவை நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வண்டி மெட்ராஸ் ரோட்டில் திரும்பியது. மேம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்து வெள்ளிக் கரண்டிகளை வெளியே எடுத்தார். துடைப்பதற்கு என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக மேஜை மேல் அடுக்கி, உதடு அசைய, எண்ண ஆரம்பித்தார்.